வீட்டின் பின்னே ஒரு ஜீப்

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பெருஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டையைக் கடந்து ஸ்ரீபெரும்புதூரை எட்டுவதற்கு முன்னால் வருவது பென்னலூர். பிரயாணிகளில் பெரும்பாலோருக்கு அது ஒரு பொறியியல் கல்லூரியின் விலாசத்தில் காணும் ஊர்ப் பெயர். அதற்கு மேல் இல்லை. ஆனால் சாலையோரத்தில் அரை மணி நேரம் நிற்கப் பொறுமை உள்ளவர்கள், ஒரு மோட்டார் வண்டி இன்னொரு மோட்டார் வண்டியைக் கொண்டுபோகிற வித்தைகள் எத்தனை உண்டோ அத்தனையையும் இங்கே பார்க்கலாம். நீண்ட லாரிகளில் புத்தம் புதிய கார்கள் இரண்டு அடுக்காக ஏறிச் செல்கின்றன. ஒரகடத்துப் பக்கத்திலிருந்து, கூடு கட்டாத பஸ் சாஸிஸ்கள் எலும்புக்கூடுகளைப் போலத் தாமே ஓடிச் செல்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் பந்தயப் பாதை திறந்தது முதல், பந்தயக் கார்கள் டிரெயிலர்களில் அமர்ந்து ராஜமரியாதையுடன் வந்து போகின்றன. (சோழவரத்து விமானத் திடலில் பந்தயம் பார்த்த பெரியவர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள், பந்தயம் என்றால் அதுதான் பந்தயம் என்பார்கள்.) இவற்றின் நடுவே, மூச்சு நின்றுபோன லாரி ஒன்று, இன்னொரு லாரியின் வாலில் கட்டிய கயிற்றை நம்பி அசைந்து அசைந்து போவதும் அடிக்கடி நடக்கிற காரியம்.

இத்தனை இருந்தும் ஒரே ஒரு காட்சி மட்டும் இந்தச் சாலையில் இல்லை. அமெரிக்காவில் கோடைக்காலத்தில் எந்த நெடுஞ்சாலைக்குப் போனாலும் அதைக் காணலாம். முன்னால் ஒரு வீட்டு வண்டி. பஸ் அளவு பெரியது. உள்ளே படுக்கை, அடுப்பு, ஸ்நான அறை எல்லாம் உண்டு. அதன் பின்னால், நாலு சக்கரமும் தரையில் உருள, உள்ளே ஆள் யாரும் இல்லாமல், ஒரு ஜீப் சாதுவாகத் தொடர்ந்து வருகிறது. பசுவின் பின்னால் கன்று போவதைப் போல் என்று சொல்லலாம். கன்றாவது இங்குமங்கும் துள்ளும், இது துள்ளுவதில்லை. இப்படி இழுக்கப்படும் வண்டிக்கு அந்நாட்டார் வைத்திருக்கும் செல்லப் பெயர் ‘டோட்’. இழுக்கப்பட்டது என்பதற்கும் தேரை என்பதற்கும் ஆங்கிலத்தில் உச்சரிப்பு ஒன்றே. ஆகவே வீட்டு வண்டிக்காரர் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு தேரை!

ஏன் இந்தச் சிரமம் என்று கேட்கலாம். வீடு எவ்வளவு சுகமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது போக முடியாத இடங்கள் அதிகம். நம் பக்கத்து உதாரணம் ஒன்றையே பார்ப்போம். தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில் இருக்கிறது. இடம் நம்முடையது, வழியோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. அந்த வழியைச் சாலை என்று அழைப்பவர் பெருந்தன்மை உடையவர். பாறையும் பள்ளமுமான அந்தத் தடத்தில் ஜீப் ஏறும். பத்து டன் வீட்டு வண்டியால் முதல் வளைவைக்கூடத் தாண்ட முடியாது. வீட்டை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, பின்னால் வந்த ஜீப்பைக் கழற்றிக்கொண்டு மேலே போய்ச் சூரியோதயம் பார்த்துவிட்டு, இறங்கிவந்து வீட்டிலேயே காப்பி போட்டுக் குடிக்கலாம் என்றால், குடும்பஸ்தர்களில் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆசை வர இன்னும் ஒரு காரணம் உண்டு. இந்த ஜோடியில் இரண்டு வண்டிகளுமே நம் வட்டாரத்துப் பிள்ளைகள். கேரள அரசாங்கம் 2021-ல் ‘கேரவன் கேரளா’ என்ற பெயரில் வீட்டு வண்டிச் சுற்றுலாவைத் தொடங்கியது. தென்னைக்கு மலையாளத்தில் கேரம் என்று பெயர். அதை வைத்து ஆடிய சிலேடை அது. அப்போது காட்சிக்கு வந்த வண்டி, பாரத்பென்ஸ் 1017 பஸ் சாஸிஸின்மீது கட்டப்பட்டது. பாரத்பென்ஸ் வண்டிகள் செய்யப்படுவது ஒரகடத்தில். 1017 என்றதும் ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு ஸ்ரீ ராமானுஜர் அவதரித்த ஆண்டு ஞாபகம் வரலாம். கம்பெனியார் அதை நினைத்து வைக்கவில்லை. 10 டன் எடை, 170 குதிரைச் சக்தி என்பது அந்த எண்ணின் பொருள். இருந்தாலும் பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது.

பின்னால் வரவேண்டிய ஜீப்புக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1945-ல் மஹிந்திரா சகோதரர்களும் குலாம் முகம்மதுவும் சேர்ந்து மஹிந்திரா அண்டு முகம்மது என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். தேசப் பிரிவினைக்குப் பின் குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குச் சென்று முதலில் நிதி மந்திரியாகவும், 1951-ல் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948-ல் கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று மாறியது. யுத்தத்தில் பெயரெடுத்த வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்றதே இவர்கள் மோட்டார்த் தொழிலில் எடுத்துவைத்த முதல் அடி. அந்த வம்சத்தில் வந்த தார் என்னும் வண்டியின் புதிய உருவம் 2020 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜயந்தியன்று விற்பனைக்கு வந்தது. அது செய்யப்படுவது நாசிக்கில். ஆனால் உருவாக்கப்பட்டது செங்கற்பட்டை அடுத்த மஹிந்திரா ஆராய்ச்சி நிலையத்தில். ஆக, வீட்டின் கால்கள் ஒரகடத்திலும், ஜீப்பின் மூளை செங்கற்பட்டுப் பக்கத்திலும் பிறந்தவை. பென்னலூரிலிருந்து இரண்டுமே அதிக தூரமில்லை. இரண்டையும் சேர்க்க இடையில் வேண்டியது ஓர் இரும்புத் தண்டு. அந்தத் தண்டின் கதைதான் நாம் சொல்ல வந்தது.

*

கயிறு போதாதா? போதாது. தேர் இழுத்தவர்களுக்கு இது தெரியும். வடம் இழுக்கத்தான் செய்யும், தடுக்காது. தேர் சரிவில் உருளத் தொடங்கினால் வடம் பிடித்த ஆயிரம் பேரும் சேர்ந்தாலும் அதை நிறுத்த முடியாது. முட்டுக்கட்டை போடுகிறவர்தான் நிறுத்தவேண்டும். மாட்டு வண்டியில் கதை வேறு. அங்கே ஏர்க்கால் இருக்கிறது. மாடு முன்னே நடந்தால் வண்டியை இழுக்கிறது. மாடு நின்றால் அதே ஏர்க்கால் வண்டியைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்துகிறது. இழுவைத் தண்டு என்பது மோட்டார் வண்டிக்கு வந்த ஏர்க்கால்.

அதன் உருவம் ஆங்கில எழுத்து ‘ஏ’ போன்றது. கூர்முனை வீட்டு வண்டியின் பின்புறத்துக் கொக்கியில் மாட்டுகிறது. இரண்டு கால்களும் ஜீப்பின் முன்புறத்தில், சட்டத்தோடு முறுக்கிய இரண்டு தாங்கிகளில் பூட்டுகின்றன. பம்பரில் பூட்டினால் பம்பர் மட்டும் ஊர் போய்ச் சேரும்; ஜீப் சேராது. தண்டு கிட்டத்தட்டச் சமமட்டமாக இருக்கவேண்டும். இரு முனைகளுக்கும் மூன்று, நான்கு அங்குலத்துக்கு மேல் ஏற்றத்தாழ்வு இருக்கலாகாது. சரிந்திருந்தால் பிரேக் போடும்போது பின் வண்டி முன் வண்டியின் அடியில் புகவோ மேலே ஏறவோ பார்க்கும். தண்டுக்குக் கீழே இரண்டு சங்கிலிகள் பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டுச் செல்லவேண்டும். தண்டு கழன்று விழுந்தால், தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டில் அதைத் தாங்கிக்கொள்ளும்.

உள்ளே ஆள் இல்லாமல் ஜீப் எப்படி வளைவுகளில் திரும்புகிறது? ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் அது தன் அச்சுக்குப் பின்னால் சென்று ஒழுங்காகத் தொடர்கிறது. மோட்டார் வண்டியின் முன் சக்கரங்களுக்கும் இதே குணம் சிறிது ஏற்றப்பட்டிருக்கிறது. ஸ்டீரிங் திரும்பும் அச்சு சற்றுப் பின்னால் சாய்ந்திருப்பதால், சக்கரம் தானே நேராகிறது. வளைவு முடிந்ததும் கையை லேசாக விட்டால் ஸ்டீரிங் தானே திரும்பி வருவதும் இதனால்தான். ஸ்டீரிங் பூட்டைத் திறந்துவிட்டால் போதும். ஜீப் தானே வழி கண்டுகொள்ளும்.

ஆனால் இந்தக் குணம் முன்னோக்கிப் போகும்போது மட்டுமே. அதே தள்ளுவண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள்; சின்னச் சக்கரம் ஒரு சுழற்சி சுழன்று எதிர்ப்பக்கம் போய் நிற்கும். ஜீப்பின் சக்கரம் அப்படி முழுக்கச் சுழல முடியாது. ஒரு பக்கமாக முழுதும் ஒடிந்து, பக்கவாட்டில் தேய்ந்து, தண்டை முறுக்கும். ஆகவே இந்த ஜோடி பின்னுக்குப் போகவே கூடாது. முட்டுச் சந்துக்குள் நுழைந்துவிட்டால் ஜீப்பைக் கழற்றுவது ஒன்றே வழி. நம் ஊர்ப் பெட்ரோல் பங்குகளையும் கல்யாண மண்டப வாசல்களையும் நினைத்தால், இந்த ஒரு விதியே பலருடைய உற்சாகத்தைக் குறைத்துவிடும்.

மலைப்பாதைக்கு வந்தால் இன்னொரு சங்கடம். வீட்டு வண்டி ஒன்பது மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தார் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. தண்டையும் சேர்த்தால் பதினான்கு மீட்டருக்கு மேல் போகிறது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் இந்த நீளத்தைத் திருப்பப் பார்ப்பது வீரம் அல்ல. அடிவாரத்திலேயே பிரித்துவிட்டு இரண்டு வண்டிகளையும் இருவர் ஓட்டிச் செல்வதுதான் விவேகம். ஜோடி சேர்ந்து ஓடச் சமவெளி நெடுஞ்சாலைகளே உகந்தவை.

*

இனிமேல் சொல்வதுதான் விஷயத்தின் உயிர்நிலை. எல்லா வண்டியையும் இப்படி உருட்டிக்கொண்டு போக முடியாது. முடியும் என்று நினைத்து எத்தனையோ பேர் நல்ல கியர் பெட்டிகளைச் சுட்டுச் சாம்பலாக்கியிருக்கிறார்கள்.

கியர் பெட்டிக்குள் எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெயைப் பற்சக்கரங்கள்மீதும் பேரிங்குகள்மீதும் வாரி இறைப்பது யார்? சாதாரணக் கியர் பெட்டியில், யந்திரத்தால் சுழலும் அடித் தண்டிலுள்ள பற்சக்கரங்கள். ‘ஆட்டோமாடிக்’ பெட்டியில், யந்திரத்தால் ஓடும் ஒரு பம்பு. வண்டியை நியூட்ரலில் விட்டு இழுக்கும்போது யந்திரம் தூங்குகிறது. சாலைச் சக்கரங்களோ விழித்துக்கொண்டு பெட்டியின் பின் தண்டைச் சுழற்றுகின்றன. தண்டு சுழல்கிறது, எண்ணெய் வரவில்லை. அண்டை வீட்டுக்குப் போகிற தூரம் என்றால் ஒன்றும் ஆகாது. நூறு கிலோமீட்டர் என்றால் என்ன ஆகும் என்பதை, எண்ணெய் போடாத செக்கின் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை.

ஜீப் ஜாதி வண்டிகளுக்கு இங்கேதான் அதிர்ஷ்டம். நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பங்கிட்டுத் தர, கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருக்கிறது. டிரான்ஸ்பர் பெட்டி என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். இரண்டு சக்கர ஓட்டம், நாலு சக்கர ஓட்டம், மெதுவான நாலு சக்கர ஓட்டம் இவற்றுக்கு அதில் தனி லீவர். பல வண்டிகளில் அந்த லீவருக்கு ஒரு நியூட்ரலும் உண்டு. அதைப் போட்டுவிட்டால் சக்கரங்களுக்கும் கியர் பெட்டிக்கும் உள்ள உறவு அறுந்துபோகிறது. கியர் பெட்டி அசையாமல் நிற்கும். டிரான்ஸ்பர் பெட்டியின் பின்பகுதி மட்டும் சுழலும். அந்தப் பகுதியின் எண்ணெய்ப் பம்பு சக்கரங்களோடேயே ஓடும்படி அமைந்த வண்டிகளில், எவ்வளவு தூரம் இழுத்தாலும் பாதகமில்லை. அமெரிக்காவில் ஜீப் ராங்லர் வீட்டு வண்டிக்காரர்களின் அருமைப் பிள்ளையானதற்குக் காரணம் இதுவே; அழகு அல்ல.

ஆனால் அந்த நியூட்ரல் உண்மையில் விழுந்ததா என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். தவறினால் என்ன நேரும் என்பதற்கு ஒரு கணக்கு. லீவர் மெதுவான ஓட்டத்துக்கு நழுவிவிட்டது, கியர் பெட்டியும் முதல் கியரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சக்கரம் ஒரு முறை சுற்ற யந்திரம் சுமார் 40 முறை சுற்றவேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 400 சுற்று. நாற்பதால் பெருக்கினால் 16,000! பெட்ரோல் யந்திரத்துக்கு 6,000-த்தைத் தாண்டினாலே மூச்சு முட்டும். முன்னால் வீட்டு வண்டியை ஓட்டுபவருக்கோ பின்னால் நடக்கிற கொலை காதில் விழுவதுகூட இல்லை. ஆகையால் அநுபவஸ்தர்கள் தண்டை மாட்டியதும் ஐம்பதடி மெதுவாக உருட்டிப் பார்க்கிறார்கள். ஒருவர் பக்கத்தில் நடந்துகொண்டே, நாலு சக்கரமும் தடையில்லாமல் சுழல்கின்றனவா, யந்திரம் அசையாமல் இருக்கிறதா என்று கவனிக்கிறார். அதன்பிறகே சாலைக்கு வருகிறார்கள். இன்ன வண்டியை இப்படி இழுக்கலாம், கூடாது என்பதை வண்டியோடு கொடுக்கும் கையேட்டில் பார்ப்பதே முதல் வேலை. கையேட்டைப் படிப்பது நம் தேசத்தில் வழக்கமில்லை என்பது வேறு விஷயம்.

பிரேக் இன்னொரு பெரிய அத்தியாயம். தார் ஏறக்குறைய ஒன்றே முக்கால் டன். வீட்டு வண்டியின் பிரேக்குகள் தன் எடையைத் தடுக்கச் செய்யப்பட்டவை. பின்னால் வரும் விருந்தாளிக்கு அல்ல. அதனால் ஜீப்பின் ஓட்டுபவர் ஆசனத்துக்கு முன்னால் ஒரு பெட்டியை வைத்து, முன் வண்டி பிரேக் போடும்போதெல்லாம் அந்தப் பெட்டியின் கை ஜீப்பின் பிரேக் மிதியை அமுக்கும்படி செய்கிறார்கள். ஜீப் முழுவதுமாக அறுந்துபோனால் தானே பிரேக் போட்டு நிறுத்த ஒரு தனி விசை உண்டு. முன் வண்டியின் சிவப்பு விளக்கும், திரும்பும் விளக்கும் ஜீப்பின் பின்னாலும் எரியவேண்டும். அதற்கு ஒரு கம்பி. சாவியைத் திறந்தே வைத்திருப்பதால் சாயங்காலத்துக்குள் பாட்டரி காலியாகிவிடும். அதற்கு வேறு ஏற்பாடு.

இவ்வளவும் கடையில் வாங்கினபடியே இருக்கிற ஜீப்புக்கு. வாலிபர்கள் கையில் அகப்பட்ட ஜீப்போ அப்படியே இருப்பதில்லை. உயரத்தைக் கூட்டுகிறார்கள், யானைக்கால் போன்ற டயர்களைப் போடுகிறார்கள். காட்டிலும் மேட்டிலும் அதற்குப் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உயரம் கூடும்போது, முன்னே சொன்ன அந்த ஸ்டீரிங் அச்சின் சாய்வு பல வண்டிகளில் குறைந்துவிடுகிறது. சாய்வைச் சரிசெய்யாமல் விட்டால் சக்கரம் தானே நேராகும் குணம் மங்கும். குறிப்பிட்ட வேகத்தில் இரண்டு முன் சக்கரங்களும் குளிர்ஜுரக்காரனைப் போல் நடுங்க ஆரம்பிக்கும். ஆள் இருந்தால் வேகத்தைக் குறைப்பார். ஆளில்லாத ஜீப் தன் நடுக்கத்தை யாரிடம் போய்ச் சொல்லும்? மேலும், ஜீப் உயர்ந்தால் தண்டு சரிகிறது. டயர் கனத்தால் பிரேக்கின் வேலை கூடுகிறது. மாற்றிக் கட்டிய ஜீப்பை இழுக்க விரும்புவோர், அலங்காரத்துக்குச் செலவழித்த பணத்தில் ஒரு பங்கையாவது இந்தக் கோணத்தைச் சரிசெய்யச் செலவழிப்பது நலம்.

*

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் 1989-ல் வகுத்த சாலை விதிகளில் இழுத்தலுக்கென்றே ஒரு விதி இருந்தது. அதன்படி, பழுதாகி நின்ற வண்டி, பூர்த்தியாகாத வண்டி, பதிவு செய்த டிரெயிலர், பக்க வண்டி இவை தவிர வேறெதையும் ஒரு மோட்டார் வண்டி இழுக்கக் கூடாது. இழுக்கப்படும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் ஸ்டீரிங்கில் அமர்ந்திருக்கவேண்டும். இல்லையேல் அதன் முன் சக்கரங்கள் தரையைவிட்டு உயர்த்தப்பட்டிருக்கவேண்டும். இரண்டு வண்டிகளுக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மிகக் கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவர் கண்ணுக்கு எளிதில் தெரியும் வகையாக இருக்கவேண்டும். பின்புறத்தில், வெள்ளைப் பின்னணியில் 75 மில்லிமீட்டர் உயரமுள்ள கறுப்பு எழுத்துக்களில் ‘இழுக்கப்படுகிறது’ என்ற அறிவிப்பு ஆங்கிலத்தில் தொங்கவேண்டும். வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் போகலாகாது. அதாவது பழைய மைல் கணக்கில் பதினைந்து. அந்த வேகத்தில் சென்னையிலிருந்து மதுரை போக ஒரு பகலும் முக்கால் இரவும் பிடிக்கும். 2017-ல் இவற்றின் இடத்தில் புதிய விதிகள் வந்தன. இழுத்தலைப் பற்றிய நோக்கு மாறவில்லை.

மாற்றிக் கட்டிய ஜீப்பின் பாடு இன்னும் கஷ்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2017 டிசம்பரில் மத்திய சர்க்கார், வண்டிகளின் முன்னால் மாட்டும் இரும்பு வேலிகளை நீக்க நடவடிக்கை எடுக்கும்படி மாகாணங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும், கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. அதே ஆண்டில் திருத்திய சட்டப்படி, அப்படி மாற்றுகிற சொந்தக்காரருக்கு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம்.

இந்த விதிகளைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவை எதைப் பார்த்து எழுதப்பட்டவை என்பதைப் பென்னலூரில் நின்றால் உணரலாம். அவற்றின் கண்ணில் பட்டது கயிறு. இழுக்கிற லாரி மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறது என்றால் ஒரு விநாடியில் 11 மீட்டர் கடக்கிறது. அது திடீரென்று நின்றால் பின்னால் இருப்பவர் அரை விநாடிக்குள் விழித்துக்கொள்ளவேண்டும். கயிறு 5 மீட்டர்தான். யந்திரம் ஓடாததால் அவருடைய பிரேக் மிதி கல்லாய்க் கனக்கிறது. ஸ்டீரிங் திருகாணியைப் போல் இறுகியிருக்கிறது. இரவானால் வேறு ஆபத்து. இரண்டு லாரிகளுக்கு நடுவே இடம் இருப்பதாக நினைத்து, தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வீடு திரும்பும் ஒருவர் தம் ஸ்கூட்டரை அந்த இடைவெளியில் திருப்பினால், கயிறு அவர் கண்ணுக்குத் தெரிவதற்குள் கழுத்துக்கு வந்துவிடும். இதை நினைத்தால் 24 கிலோமீட்டர் என்பதுகூடத் தாராளமாகவே தோன்றுகிறது.

நம் அபிப்பிராயம் இதுதான்: கயிற்றுக்காக எழுதிய விதியைத் தண்டுக்கும் போட்டுக்கொண்டிருக்கிறோம், அதே சமயம், விதி கண்டிக்கிற கயிறு சாலையில் சுதந்திரமாகத் திரிகிறது. தண்டு, குறுக்குச் சங்கிலி, பின் வண்டிப் பிரேக், பின் விளக்கு இந்த நான்கும் இருந்தால்தான் இழுக்கலாம் என்று ஒரு தரம் நிர்ணயித்தால், வீட்டு வண்டிக்காரருக்கு வழி பிறப்பது மட்டுமல்ல. பழுதான லாரிகளுக்கும் அதே தண்டு பொருந்தும். பார்த்துச் சோதிக்க வெளிநாட்டுக்குப் போகவேண்டிய அவசியமும் இல்லை. வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் மத்திய சர்க்காரின் ஆராய்ச்சி நிலையம் ஒரகடத்திலேயே இருக்கிறது. நாற்பது டன் லாரிகளைச் செய்து கப்பல் ஏற்றும் ஊரில், மூன்று முழ இரும்புத் தண்டுக்கு ஒரு தரம் எழுதமுடியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்த நாள் வரும் வரையில், ஜீப்பையும் வீட்டையும் ஒன்றாகக் கொண்டுபோக விரும்புவோருக்குப் பதிவு செய்த டிரெயிலர் இருக்கிறது. ஜீப்பை அதன்மேல் ஏற்றிவிட்டால் சட்டமும் திருப்தியடையும், கியர் பெட்டியும் தப்பும். அல்லது வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் இன்னொருவர் இருந்தால் ஜீப்பை அவரிடம் கொடுத்துவிடலாம். பல குடும்பங்களில் அந்த இன்னொருவர் முதல்வரைவிட நன்றாக ஓட்டுகிறார்.

வீட்டு வண்டியும் ஜீப்பும் இல்லாத நேயர்களுக்கும் இதில் ஒரு காரியம் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணைக் கூப்பிடலாம். இரவு பகல் எந்நேரமும் பதில் உண்டு. மீட்பு வண்டி வந்ததும் கொக்கியை மாட்ட விடுவதற்கு முன்னால் காரைப் பற்றி அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். முன் சக்கரம் இழுக்கும் வண்டி என்றால் முன்புறத்தைத் தூக்கச் சொல்லவேண்டும். ஆட்டோமாடிக் கியரோ, எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் அமைப்போ, மின்சார மோட்டாரோ உள்ள வண்டியானால் ஒரு சக்கரமும் தரையில் படாமல், தட்டையான மேடையுள்ள லாரியில் முழுவதுமாக ஏற்றச் சொல்லவேண்டும். யாராவது அநுதாபத்துடன் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தால், நன்றி சொல்லி அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, லாரி வரும் வரை பேசிக்கொண்டிருக்கலாம்.